காவலர் அணிவிக்கும் கவசம்

பாறசாலையில் காலை ரயிலேறித் திருவனந்தபுரம் செல்வோரிடையே, பரிசோதனைச் சீட்டுகள் அடங்கிய கோப்பை மடியில் வைத்திருப்போரையும் காணலாம். 1956-இல் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்திலும் அமைந்தன. எனினும், மருத்துவம் நாடுவோர்க்கு அவ்வெல்லை ஒரு பொருட்டன்று. இருபுறத்து மக்களும் 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தையே நாடுகின்றனர்.

அக்கோப்பில் பலரும் கவலையுடன் தேடும் எண் ஒன்றுண்டு. அது பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இருத்தல் இயல்பு. எலும்பு மச்சையில் உருவாகி 7 முதல் 10 நாள் வாழும் இவை, காயம் பட்ட இடத்தில் குவிந்து குருதிப்பெருக்கை அடைக்கின்றன. கீமோதெரபியால் இவை மிகவும் குறைந்தால் இரத்தக்கசிவு நேரலாம். எண்ணிக்கை ஏறினால் மகிழ்கிறோம், அதில் பிழையில்லை.

ஆயினும் இக்காவலர்க்கு மறுபக்கமும் உண்டு. கட்டியிலிருந்து பிரிந்து குருதியோட்டத்தில் கலக்கும் புற்றணுக்களுள் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. ஓட்டத்தின் விசை சில அணுக்களைச் சிதைக்கிறது; இயற்கைக் கொல்லி அணுக்கள் சிலவற்றை அழிக்கின்றன. தப்பும் புற்றணுவோ குருதி உறைவைத் தூண்டித் தட்டணுக்களைத் தன்மேல் ஒட்டச் செய்கிறது. காயத்தை மூடுவதாகவே அவை அதனைப் போர்த்துகின்றன. போர்வைக்குள் இருப்பது பகைவன் என அவை அறியா! அத்துடன் நிற்பதில்லை. தட்டணுக்கள் வெளியிடும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் புரதம் புற்றணுவின் இயல்பையே மாற்றி, பிற உறுப்புகளுக்குள் ஊடுருவும் ஆற்றலை அளிக்கிறது என எலிகளில் நிகழ்ந்த ஆய்வு 2011-இல் வெளிப்படுத்தியது. தட்டணுக்களைக் குறைத்தால் எலிகளில் புற்று பரவுவது குறைகிறது என்பது 1968-இலேயே அறியப்பட்ட செய்தி.

அவ்வாறாயின், தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும் ஆஸ்பிரினை உண்ணலாமே என்று வாசகர் வினவக்கூடும். பிரிட்டன், அயர்லாந்து நோயாளிகளோடு இந்திய நோயாளிகளும் பங்கேற்கும் ஆட்-ஆஸ்பிரின் ஆய்வு இவ்வினாவுக்கே விடை தேடுகிறது. வயிற்றில் குருதிக்கசிவை விளைக்கவல்ல மருந்து அது. தட்டணு குன்றியவர் தாமாக விழுங்கினால் உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவரைக் கேளாமல் தொடுதல் ஆகாது.

புற்றுக்கும் உறைவுக்கும் உள்ள தொடர்பை 1865-இல் சுட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ. ஆகவே, சிகிச்சை பெறுபவரின் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால், அடுத்த முறை வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல் எனில் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்க.