உங்களுக்குத் தெரியுமா? முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் தட்டம்மை ஊசி போடலாம்

முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி ஆகாது என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சில தயாரிப்புகளுக்குத் தட்டம்மை வைரஸைக் கோழிக்கருவின் செல்களில் வளர்ப்பதுதான் காரணம். ஆனால் மருந்தில் மிஞ்சும் முட்டைப் புரதம் ஒவ்வாமையைக் கிளப்பப் போதாது. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முட்டை ஒவ்வாமை உள்ள 54 குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். ஒருவருக்கும் கடும் எதிர்வினை வரவில்லை.

அப்படியானால் அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை வந்தது எதனால்? விடை ஜப்பானில் கிடைத்தது. 1990-களில் அங்கே ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமை கண்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பலரிடம் ஜெலட்டினுக்கு எதிரான, ஒவ்வாமையைத் தூண்டும் ‘ஐஜிஇ’ எதிர்ப்பொருள் இருந்தது. மருந்து வீரியம் இழக்காமல் இருக்கச் சேர்க்கும், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் அதே ஜெலட்டின்! அங்கே அதை நீக்கியதும் இத்தகைய ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது.

ஆகவே ஜெலட்டின் கலந்த ஜெல்லி மிட்டாய் தின்று குழந்தைக்கு எப்போதாவது மூச்சுத் திணறியிருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வதைத் தட்டாதீர்கள். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அட்ரினலின் ஊசி உடனே போட்டால் குழந்தை பெரும்பாலும் மீண்டுவிடும்.