ரிப்போர்ட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி

"சித்தி, பாப்பா ஹார்ட்ல ஏதோ வெள்ளைப் புள்ளி இருக்காம். நெட்ல போட்டுப் பார்த்தேன், டவுன் சிண்ட்ரோம்னு வருது."

அக்கா மகள் அழைத்தபோது இரவு பதினொன்றரை. ஐந்தாம் மாத ஸ்கேன் அன்று மாலைதான் முடிந்திருந்தது. ஸ்கேன் எடுத்தவர் அந்தப் புள்ளியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று கவரைக் கையில் கொடுத்திருக்கிறார். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள். அதுவரை அவளுக்குத் துணை, புரியாத ஒரு வரியும் ஒரு கைப்பேசியும்.

அந்த வரி: 'இடது வென்ட்ரிக்கிளில் எக்கோஜெனிக் ஃபோகஸ்'. இதயத்தின் இடது கீழறையில் எதிரொலி கூடுதலாக வரும் ஒரு பொட்டு என்று பொருள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

காதுக்கு எட்டாத ஒலியை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வெளிச்சமாக மாற்றிக் காட்டுவதுதான் அல்ட்ராசவுண்ட். நீர் எதிரொலிக்காது, திரையில் கறுப்பாகத் தெரியும். எலும்பு பலமாக எதிரொலிக்கும்; பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதய வால்வுகளைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்ததுபோல் வைத்திருக்கும் சிறு தசைகள் உண்டு. அவற்றில் துளி சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால் அந்த இடமும் எலும்பைப் போலவே மின்னும். தசை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. நூறு கருக்களில் மூன்று முதல் ஐந்தில் இப்படித் தெரிகிறது. ஆசியத் தாய்மாரின் கருக்களில் இது இன்னும் அதிகம்.

இந்தக் கருவியின் பூர்வீகமே சுவாரஸ்யமானது. 1955-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்ட், அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்க அங்கே வைத்திருந்த கருவியில் கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விகர் ஆகியோருடன் சேர்ந்து 1958-ல் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது இன்றைய ஸ்கேன். அன்றைய படங்களில் கருவின் தலையை அடையாளம் கண்டாலே பெரிய விஷயம். இன்று அரிசியில் பாதி அளவுப் பொட்டுகூடத் தப்புவதில்லை. நம் அம்மா வயிற்றில் நாம் இருந்தபோதும் சிலருக்கு அந்தப் புள்ளி இருந்திருக்கும். பார்க்கத்தான் கருவி இல்லை.

சரி, இந்த அப்பாவிப் புள்ளிக்கு டவுன் சிண்ட்ரோம் பெயர் எப்படி ஒட்டியது? 1992-ல் வெளியான ஒரு திசு ஆய்வு, டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்குப் பதினாறில் இந்தச் சுண்ணாம்புப் படிவு இருந்ததாகவும், இயல்பான கருக்களில் நூற்றுக்கு இரண்டில் மட்டுமே இருந்ததாகவும் கண்டது. புள்ளி சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டது. இங்கேதான் மனித மூளை வழக்கமாகச் சறுக்குகிறது. டெங்கு வந்தவருக்குக் காய்ச்சல் இருக்கும். காய்ச்சல் வந்தவருக்கெல்லாம் டெங்கு என்று யாரும் சொல்ல மாட்டோம். புள்ளி விஷயத்தில் மட்டும் அதைச் சொல்லிவிடுகிறோம்.

பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2013-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். வேறு எந்தக் குறையும் இல்லாமல் இந்தப் புள்ளி மட்டும் தனியாகத் தெரிந்தால், ஏற்கெனவே உள்ள அபாயத்தை எத்தனையால் பெருக்க வேண்டும்? விடை 0.95. அதாவது கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாம் மாதத்தில் கருவின் பின்கழுத்து நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து 5,000-ல் 1 என்று சொல்லியிருந்தால், புள்ளி தெரிந்த பிறகும் அது 5,000-ல் 1-தான். அந்தப் பழைய எண்தான் முக்கியம். நம் ஊரில் புது ரிப்போர்ட் வந்ததும் பழையதை பீரோவில் போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

இங்கிலாந்தின் அரசுப் பரிசோதனைத் திட்டம் 2009-லேயே இந்தப் புள்ளியை இயல்பான வேறுபாடுகளின் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. முந்தைய பரிசோதனை நன்றாக இருந்தால் இதற்காக மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் கரு மருத்துவர்களின் சங்கம் 2021-ல் சொன்னது. அதற்கெல்லாம் முன்பே, 2000-ஆம் ஆண்டில், ராய் ஃபில்லி என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர், கர்ப்பிணியைக் கதிகலங்க வைக்க ஸ்கேனை விடச் சிறந்த வழி இல்லை என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு தலையங்கமே எழுதினார். ஸ்கேன் எடுப்பவரே எழுதியது என்பதுதான் அதன் அழகு.

மூளையில் தெரியும் 'கோராய்டு பிளெக்ஸஸ் சிஸ்ட்' என்ற நீர்ப்பையும் இதே ரகம். நூற்றுக்கு ஒன்றிரண்டு கருக்களில் வரும், பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தானே மறையும். "கிட்னியில தண்ணி கோத்திருக்கு" என்பார்களே, அதுவும் லேசாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 32-ஆம் வாரத்தில் இன்னொரு முறை பார்த்தால் போதும்.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. பின்கழுத்துத் தோல் 6 மில்லிமீட்டர் தடித்திருந்தாலோ, மூக்கெலும்பு தெரியாவிட்டாலோ, மூளையின் நீர் அறை 10 மில்லிமீட்டர் விரிந்திருந்தாலோ மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போகத்தான் வேண்டும். அப்போதும் கணக்கு கைகொடுக்கும். தடித்த பின்கழுத்து அபாயத்தை நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருக்கும். 5,000-ல் 1 என்பது சுமார் 1,300-ல் 1 ஆகும். 'நான்கு மடங்கு' என்று கேட்டால் வயிற்றைக் கலக்கும். 1,300 பேரில் 1,299 பேருக்கு இல்லை என்று கேட்டால்? இரண்டும் ஒரே செய்திதான்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "புரியுது சித்தி, ஆனா தூக்கம் வரலை" என்றாள். அதற்கும் அறிவியலில் காரணம் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரை உட்காரவைத்து ஒரு கணினி விளையாட்டு ஆடவிட்டார்கள். திரையில் வரும் பாறைக்கடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். 2016-ல் வெளியான முடிவு: ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்ற பாதிக்குப் பாதி நிலையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தியை மனம் எப்படியோ தாங்கிக்கொள்கிறது. கதவு பாதி திறந்திருப்பதைத்தான் தாங்க மாட்டேன் என்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் பார்பரா காட்ஸ் ராத்மேன் 1986-ல், முடிவு வரும்வரை கருவோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இவளும் அன்று வயிற்றில் கை வைக்கவே பயமாக இருக்கிறது என்றாள். போதாக்குறைக்கு மாமியார், "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்கே இன்னொரு சந்தேகம்: "சுண்ணாம்புச் சத்துன்னா, நான் போடுற கால்சியம் மாத்திரையாலயா? நிறுத்திடவா?" மாத்திரைக்கும் புள்ளிக்கும் சம்பந்தமில்லை, கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் குழந்தைக்கு எது வந்தாலும் அம்மா ஏதோ செய்திருக்க வேண்டும் என்ற இந்த விசாரணைக் கமிஷன் மட்டும் நம் வீடுகளில் கலைவதே இல்லை.

நான் அவளிடம் கேட்டது இரண்டுதான். கைப்பேசியை அடுத்த அறையில் வை. காகிதம் எடுத்துக் கேள்விகளை எழுது. புள்ளியைத் தவிர வேறு ஏதாவது தெரிகிறதா? என்.டி. பரிசோதனையில் வந்த எண் என்ன, இப்போது அது மாறுகிறதா? மேற்கொண்டு ஒரு டெஸ்ட் சொன்னால், அதன் முடிவை வைத்து என்ன செய்யப் போகிறோம்? கடைசிக் கேள்வி கடினமானது, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியது. தாயின் ரத்தத்திலேயே கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோ 1997-ல் காட்டியதால் வந்தது என்.ஐ.பி.டி. பரிசோதனை. ஊசி வயிற்றுக்குள் போகாது. ஆனால் அதுவும் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோதான் செய்யும். உறுதியாகச் சொல்வது பனிக்குட நீரை எடுக்கும் அம்னியோசென்டெசிஸ். அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. 24 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்கு மருத்துவ வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நம் சட்டம் சொல்வதால், தேவைப்படுகிறவர்கள் தள்ளிப்போடக் கூடாது. தேவையில்லாதவர்கள் பயத்துக்காகச் செய்துகொள்ள வேண்டியதில்லை.

ஸ்கேன் அறையின் மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற 1994 சட்டம் மிகச் சரியானது. அந்த வாய்ப்பூட்டு வெள்ளைப் புள்ளிக்கும் எதற்கு? "இது நிறையப் பேருக்கு வர்றதும்மா" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பத்து விநாடி ஆகாது.

நாள்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய், அழுகை நிற்காமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். அவளுக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"என்.டி. ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போனேன் சித்தி. நம்பர் அப்படியேதான் இருக்குன்னாங்க. வேற டெஸ்ட் வேண்டாமாம்."

"மாத்திரை?"

"ரெண்டு நாள் போடாம விட்டதுக்குத் திட்டு வாங்கினேன்."