அண்ணனைத் தேடிச் சென்ற கலைஞர்

ஒரு வீடு. சாவிக்கொத்து மூத்த அக்காளின் கையில். அவள் வைத்ததே சட்டம். கணவரும் தம்பிமாரும் வாய் திறக்க முடியாது. 1970-ல் இந்தக் கதையை டாக்காவில் படமாக்கினார் ஜஹீர் ரைஹான். பெயர் 'ஜீபொன் தேக்கே நேயா'. சாவிக்கொத்தின் பொருள், ராணுவ ஆட்சியில் புழுங்கிய மக்களுக்கு உடனே விளங்கியது. படத்தில் ஒலித்த தாகூர் பாடலே பின்னர் வங்கதேசத்தின் தேசிய கீதமாயிற்று.

1935-ல் பிறந்த ரைஹான் நாவலாசிரியரும்கூட. 1952-ல் தாய்மொழிக்காகச் சிறை சென்றவர்.

1971-ல் போர் மூண்டதும் எல்லை தாண்டிக் கல்கத்தா வந்தார். பணமுடை வாட்டியது. ஆயினும் அங்கு திரையிடப்பட்ட தம் படத்தின் வருவாயை விடுதலைப் போருக்கே ஈந்தார். அகதிகளின் அவலத்தை 'ஸ்டாப் ஜெனோசைட்' என்ற செய்திப்படமாக்கி உலகுக்குக் காட்டினார்.

அவ்வாண்டு டிசம்பர் 14-ல் அவருடைய அண்ணன், எழுத்தாளர் ஷஹீதுல்லா கைசர், டாக்காவில் கடத்தப்பட்டார். இரண்டே நாளில் விடுதலை வந்தது, அண்ணன் வரவில்லை.

1972 ஜனவரி 30. அண்ணனைத் தேடி டாக்காவை அடுத்த மீர்ப்பூருக்குப் போனார் ரைஹான். அவரும் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 36.