எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் உடல்நலச் சிக்கல்கள்

உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவை சிகிச்சைகள் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை அல்லது பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை எனப்படுகின்றன. இவை எடையைக் குறைப்பதோடு இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவற்றையும் பலருக்குக் கட்டுப்படுத்துகின்றன. 1987இல் சுவீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எனினும் செரிமானப் பாதை மாற்றியமைக்கப்படுவதால் சில சிக்கல்கள் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடிக்கலாம். சில, பல ஆண்டுகள் கழித்தே தோன்றலாம். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்கு உட்படக்கூடியவை. காலம் தாழ்த்தினால் நரம்புகளையோ உயிரையோ பாதிக்கக்கூடியவையும் இவற்றில் உண்டு.

அறுவை வகைகளும் சிக்கல்களின் அடிப்படையும்

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பகுதி அல்லது அதற்குச் சற்று மேல் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி குறுகிய குழாய் வடிவில் விடப்படுகிறது. குடல் பாதை மாறுவதில்லை. இரைப்பை மாற்றுப்பாதை அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, அது நேரடியாகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தொடாமல் செல்கிறது. டியோடினல் ஸ்விட்ச் என்னும் அறுவையில் குடலின் இன்னும் நீண்ட பகுதி ஒதுக்கப்படுகிறது.

எந்த உறுப்பு நீக்கப்பட்டது, எந்தப் பகுதி ஒதுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பின்னாளில் வரும் சிக்கல் அமைகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. வைட்டமின் பி12 உறிஞ்சப்படத் தேவையான புரதம் இரைப்பையில் சுரக்கிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் பித்தநீருடன் கலந்து போதிய நீளக் குடலைக் கடந்தால்தான் உடலில் சேரும். எனவே தமக்குச் செய்யப்பட்டது எந்த வகை அறுவை என்பதை நோயாளி தெரிந்து வைத்திருப்பதும், அறுவைக் குறிப்பின் நகலைப் பாதுகாப்பதும் பிற்காலச் சிகிச்சைக்கு அடிப்படையாகும்.

வரலாறு

1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி எடையைக் குறைக்கும் அறுவைகள் தொடங்கின. அவற்றால் எடை வெகுவாகக் குறைந்தாலும், கடும் வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், கல்லீரல் செயலிழப்பு ஆகியவை ஏற்பட்டதால் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ ஆகியோர் இரைப்பை மாற்றுப்பாதை அறுவையைத் தொடங்கினர். 1990களில் லேப்ராஸ்கோப்பி முறை வந்தபின் இவ்வறுவைகள் உலகெங்கும் பரவின. எடை குறைந்தால் போதாது, சத்துநிலையும் காக்கப்பட வேண்டும் என்பதே முதல் தலைமுறை அறுவைகள் தந்த பாடம்.

டம்பிங் சின்ட்ரோம்

உணவு இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாக இறங்காமல் ஒரேயடியாகச் சிறுகுடலில் கொட்டுவதால் வரும் அறிகுறிகளின் தொகுப்பு இது. மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்டவர்களிடம் மிகுதியாகவும், ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவர்களிடம் ஓரளவும் காணப்படுகிறது.

முன்நிலை டம்பிங், உண்ட ஒரு மணி நேரத்துக்குள் வருகிறது. சர்க்கரை மிகுந்த உணவு குடலுக்குள் நீரை இழுப்பதால் வயிறு பிடித்து இழுத்தல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் ஆகியவை ஏற்படுகின்றன. பின்நிலை டம்பிங், உண்ட 1 முதல் 3 மணி நேரத்தில் வருகிறது. சர்க்கரை வேகமாக உறிஞ்சப்படுவதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. கை நடுக்கம், கடும் பசி, குழப்பம், சிலருக்கு மயக்கமும் உண்டாகும். இது பெரும்பாலும் அறுவைக்கு ஓராண்டுக்குப் பிறகே தலைகாட்டுவதால், பலர் இதை அறுவையோடு தொடர்புபடுத்துவதில்லை; பதற்ற நோய் என்று எண்ணிவிடுவதும் உண்டு. வண்டி ஓட்டும்போது இந்நிலை வந்தால் ஆபத்து.

பாயசம், இனிப்புப் பலகாரம், குளிர்பானம், பழச்சாறு, சர்க்கரை கலந்த கஞ்சி ஆகியவற்றைத் தவிர்ப்பதும், சிறு அளவாக ஐந்தாறு வேளை உண்பதும், ஒவ்வொரு வேளையிலும் புரதத்தை முதலில் உண்பதும், சாப்பாட்டோடு நீர் பருகாமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவதும் பெரும்பாலோருக்குப் பலன் தருகின்றன. இவற்றால் அடங்காதபோது அகார்போஸ், ஆக்ட்ரியோடைடு போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார்.

சத்துக் குறைபாடுகள்

இரும்புச்சத்துக் குறைபாடு மிகப் பரவலானது. மாதவிடாய் உள்ள பெண்களிடம் இது கூடுதலாக வருகிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், முடி உதிர்தல், மண் அல்லது பனிக்கட்டி தின்னும் ஆசை ஆகியவை இதன் அறிகுறிகள். மாத்திரையால் அளவு உயராதபோது நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றப்படுகிறது.

வைட்டமின் பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருக்கும். அதனால் குறைபாடு தாமதமாகவே வெளிப்படும். கை கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம், மறதி என்று தோன்றும் இக்குறைபாடு நீடித்தால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். முற்றிலும் சைவ உணவு உண்போருக்கு அறுவைக்கு முன்பே பி12 குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் அவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தாமிரக் குறைபாடும் இதே போன்ற நரம்புப் பாதிப்பைத் தரக்கூடியது. பி12 சரியாக இருந்தும் மரத்துப்போதல் தொடர்ந்தால் தாமிர அளவையும் பார்க்க வேண்டும்.

கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்தால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. இதனால் எலும்பு மெலிந்து முறிவு வாய்ப்பு கூடுகிறது. அமிலச் சுரப்பு குறைந்த நிலையில் கால்சியம் கார்பனேட்டைவிடக் கால்சியம் சிட்ரேட் எளிதில் உறிஞ்சப்படுகிறது. உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுப்பதால், இரண்டையும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளியில் உட்கொள்ள வேண்டும். டியோடினல் ஸ்விட்ச் செய்துகொண்டோருக்கு வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வரலாம்.

மிக அவசரமானது வைட்டமின் பி1 எனப்படும் தயமின் குறைபாடு. உடலில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். அறுவைக்குப் பின் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் அச்சேமிப்பு தீர்ந்துவிடும். இரட்டைப் பார்வை, கண் அசைவில் மாற்றம், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை வெர்னிக்கி மூளை நோயின் அறிகுறிகள். மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகலாம். ஆகவே தொடர் வாந்தியோடு மருத்துவமனை செல்பவர், தமக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருப்பதை முதலில் சொல்வது முக்கியம். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தயமின் ஊசி தொடங்குவதே மருத்துவ நடைமுறை.

வயிற்றுவலி

அறுவைக்குப் பின் வரும் வயிற்றுவலியை 'அதிகம் சாப்பிட்டிருப்பீர்கள்' என்று ஒதுக்கிவிடுவது தவறு. அதற்குப் பல காரணங்கள் உள்ளன.

உட்குடலிறக்கம்: மாற்றுப்பாதை அறுவையில் குடல் இடம் மாற்றப்படும்போது உண்டாகும் இடைவெளிகளில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்வது. எடை குறைந்து கொழுப்பு கரையும்போது அவ்விடைவெளிகள் பெரிதாகின்றன. விட்டுவிட்டு வரும் கடும் வலி இதன் அடையாளம். வலி இல்லாத நேரத்தில் எடுக்கும் ஸ்கேன் இயல்பாகத் தெரியலாம். குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றால் அது அழுகி உயிருக்கு ஆபத்தாகும். கர்ப்ப காலத்தில் வரும் வலியிலும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இணைப்புப் புண்: இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் உண்டாகும் புண். புகைபிடித்தல், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி ஆகியவை முக்கியக் காரணங்கள்.

பித்தக்கல்: எடை விரைந்து குறையும்போது பித்தப்பையில் கற்கள் உருவாகின்றன. இதைத் தடுக்க முதல் ஆறு மாதங்களுக்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலம் தரப்படுவதுண்டு.

இவை தவிர இணைப்பு குறுகுதல், குடலில் கிருமிகள் பெருகுதல், பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமை ஆகியவையும் வலி, உப்புசம், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தரலாம். மாற்றுப்பாதை அறுவைக்குப் பின் சிறுநீரில் ஆக்சலேட் கூடுவதால் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

நெஞ்செரிச்சல்

ஸ்லீவ் அறுவைக்குப் பின் சிலருக்கு அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும் தொல்லை புதிதாகத் தோன்றுகிறது அல்லது முன்பிருந்தது கூடுகிறது. நீண்ட காலம் தொடர்ந்தால் உணவுக்குழாயின் உட்சுவர் மாற்றமடையலாம் என்பதால் எண்டோஸ்கோப்பி மூலம் பார்ப்பது நல்லது. மருந்தால் கட்டுப்படாதவர்களுக்கு ஸ்லீவை மாற்றுப்பாதை அறுவையாக மாற்றுவதும் ஒரு வழியாகும்.

மருந்துகளும் மதுவும்

குடல் பாதை மாறியபின் மாத்திரைகள் உறிஞ்சப்படும் அளவும் வேகமும் மாறக்கூடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளும் கருத்தடை மாத்திரைகளும் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம். எடை குறையக் குறைய நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் அளவையும் மாற்றியமைக்க வேண்டும்.

மாற்றுப்பாதை அறுவைக்குப் பின் மது மிக வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது, போதை நீடிக்கிறது. முன்பு குடிப்பழக்கம் இல்லாதவர்களும் அறுவைக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் மதுவுக்கு அடிமையாவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

மனநலம்

எடை குறைந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாதபோது மனச்சோர்வு வரலாம். தொங்கும் தோல், உண்ண முடியாமை, விருந்துகளில் பிறர் கேட்கும் கேள்விகள், 'விரும்பித்தானே செய்துகொண்டாய்' என்ற பேச்சு ஆகியவை சுமையைக் கூட்டுகின்றன. அறுவை செய்துகொண்டவர்களிடையே தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே மனநலக் கவனிப்பும் தொடர் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

எடை மீண்டும் கூடுதல்

பெரும்பாலோர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மிகக் குறைந்த எடையை அடைகின்றனர். பின்னர் ஓரளவு கூடுவது இயல்பு. பசி, நிறைவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களின் மாற்றம், பிற மருந்துகள், உடலமைப்பு ஆகியவையும் இதற்குக் காரணமாவதால், இதை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் கருதுவது பொருந்தாது. வெட்கப்பட்டுப் பரிசோதனைக்குச் செல்லாமல் இருப்பதால் சத்துக் குறைபாடுகளும் கவனிக்கப்படாமல் போகின்றன. உணவு ஆலோசனை, உடற்பயிற்சி, செமாகுளுடைடு போன்ற மருந்துகள், சிலருக்கு மறு அறுவை ஆகியவை தீர்வுகளாக உள்ளன.

கர்ப்பம்

எடை நிலைபெறும் வரை, அதாவது 12 முதல் 18 மாதங்கள் வரை, கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறது. கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியக் குளுக்கோஸ் நீர் குடிக்கச் செய்யும் சோதனை டம்பிங்கைத் தூண்டக்கூடும். அதற்கு மாற்றாக, வீட்டிலேயே சில நாட்கள் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்கலாம்.

தொடர் கண்காணிப்பு

முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தப் பரிசோதனை தேவை. இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை பார்க்கப்படுகின்றன. நாள்தோறும் 60 முதல் 80 கிராம் வரை புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், பனீர் ஆகியவற்றிலிருந்து இதைப் பெறலாம். உடல் நன்றாக இருக்கிறது என்று வைட்டமின் மாத்திரைகளை நிறுத்துவது, சில ஆண்டுகள் கழித்து வரும் குறைபாடுகளுக்கு வழிவகுக்கிறது.

எப்போது, உண்ட எவ்வளவு நேரத்தில், எந்த உணவுக்குப் பின் தொல்லை வந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், மருத்துவர் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

கடும் வயிற்றுவலி, அல்லது விட்டுவிட்டு வந்து வலுக்கும் வலி.
ஓரிரு நாட்களுக்கு மேல் நிற்காத வாந்தி, நீர்கூட இறங்காத நிலை.
இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம், மனக்குழப்பம்.
இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம்.
மயக்கம், வலிப்பு.
உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ள மருத்துவர் எடைக் குறைப்பு அறுவையில் பழக்கம் இல்லாதவராக இருக்கலாம். அறுவையின் வகை, நடந்த ஆண்டு, உட்கொள்ளும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய வலி மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருப்பதும், வீட்டில் உள்ள ஒருவருக்காவது அவற்றைச் சொல்லி வைத்திருப்பதும் சிகிச்சை தாமதமாவதைத் தவிர்க்கும்.