30 நாளில் ஒரு புதினம்: முன்னேற்பாடும் கதைமாந்தரும்

புதினம் படிப்போர் பலர். எழுதத் தொடங்குவோர் சிலர். தொடங்கியதை முடிப்போர் மிகச் சிலர். திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. நாளை எழுதலாம் என்னும் எண்ணமும், முதல் பக்கமே குறையின்றி அமைய வேண்டும் என்னும் அச்சமுமே பெரும்பாலும் தடையாகின்றன. இவ்விரண்டையும் வெல்ல அமெரிக்காவில் தோன்றிய ஒரு முயற்சியையும், நம் மாணவர் அதனை எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அறைகூவலின் தோற்றம்

1999-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சான்பிரான்சிசுகோ வட்டாரத்தில் கிறிசு பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு புதினம் எழுதுவது என முனைந்தனர். அடுத்த ஆண்டு முதல் இம்முயற்சி நவம்பர் மாதத்திற்கு மாற்றப்பட்டது. 30 நாளில் 50,000 சொற்கள் என்பது இலக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். பின்னர் இது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. இதனை நடத்திவந்த நிறுவனம் மூடப்படுவதாக 2025-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன் வழிமுறை எவருக்கும் உரிமைப்பட்டதன்று. தாளும் எழுதுகோலும் உடையோர் எவரும் கைக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் பல சொற்களாக நிற்பது தமிழில் 'வரமாட்டேன்' என ஒரே சொல்லில் அடங்கிவிடும். எனவே அதே அளவுக் கதைக்குத் தமிழில் சொற்கள் குறைவாகவே வேண்டும். நம் மாணவர் சொற்களை எண்ணுவதினும், நாளொன்றுக்கு 7 அல்லது 8 குறிப்பேட்டுப் பக்கம் என வரையறுத்துக்கொள்வது எளிது.

முந்திய மாதத்துப் பணி

எழுதும் மாதத்தைக் காட்டிலும் அதற்கு முந்திய மாதமே இன்றியமையாதது. அம்மாதத்தில் கதையை எழுதுதல் கூடாது. கதைமாந்தரை அறிதல் வேண்டும். ஒவ்வொரு மாந்தரைக் குறித்தும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதுக. இவர் எதை விரும்புகிறார்? எது தடுக்கிறது? எதற்கு அஞ்சுகிறார்? எதைப் பிறரிடம் மறைக்கிறார்?

சான்றாக, மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய் ஒருத்தியைக் கற்பனை செய்வோம். மகளைக் கல்லூரியில் சேர்ப்பது அவள் விருப்பம். நாள்தோறும் அவள் சுற்றிய பீடிகளில் ஒரு பகுதியைக் கடைக்காரர் குறை கூறிக் கழித்துவிடுவது தடை. எதிர்த்துக் கேட்டால் இலையும் தூளும் கிடையாமற் போகுமோ என்பது அச்சம். தன் காதணியை அடகு வைத்தது கணவருக்குத் தெரியாத மறைவு. இந்நான்கும் தெளிவானால், கடையில் ஒரு காட்சி, வீட்டில் ஒரு காட்சி, கல்லூரி வாயிலில் ஒரு காட்சி எனக் கதை தானே நடக்கத் தொடங்கும். எழுதும் மாதத்தில் 'இன்று என்ன எழுதுவது?' என்று திகைக்க நேராது.

மாந்தரை எங்குப் பெறுவது?

தமிழின் முதற் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், இலங்கைக் கண்டியின் அறிஞர் சித்திலெவ்வை 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டார். அதன் நாயகன் எகிப்து நாட்டவன். நூறாண்டு கடந்து, 1988-இல், தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூல்வடிவம் பெற்றது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த அவர், கடற்கரை ஊரையும் அதன் பேச்சுமொழியையும் அங்குக் கோலோச்சிய முதலாளியையும் அடங்கி வாழ்ந்த எளியோரையும் இலக்கியமாக்கினார். 1997-இல் 'சாய்வு நாற்காலி' அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் தொடக்கப் பள்ளிப் படிப்பையும் நிறைவு செய்யாதவர். ஆயினும் 1938-இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார். எழுதுவதற்குப் பட்டமும் பெருநகரும் தேவையில்லை என்பதற்கு இவர்களினும் சான்று வேண்டுமோ?

தறி நெய்தவர், சங்கு குளித்தவர், தோல் பதனிட்டவர், கப்பலேறிப் பொருள் தேடியவர் நம் இல்லங்களில் முதியோராக இருக்கின்றனர். அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். தொழிற்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணனைக் 'காக்கா' என்றழைக்கும் ஊரும் உண்டு. 'நானா' என்றழைக்கும் ஊரும் உண்டு. அவ்வொரு சொல்லே மாந்தரின் மண்ணைக் காட்டிவிடும். இவற்றை எழுதிவைக்காவிடில், அம்முதியோரோடு அச்சொற்களும் மறையும். வரலாற்று நூல்கள் ஆட்சியாளரைப் பதிவு செய்யும்; பீடி சுற்றிய தாயைப் புதினமே பதிவு செய்யும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. புறம் பேசுதலை இசுலாம் வன்மையாகக் கண்டிக்கிறது. அண்டை வீட்டாரின் மறைவை அப்படியே அச்சேற்றுதலும் அதன் பாற்படும். ஒருவரின் தொழில், மற்றொருவரின் பேச்சு, வேறொருவரின் நடை ஆகியவற்றை இணைத்துப் புதிய மாந்தரைப் படைத்தலே எழுத்தறம். தெருவில் ஒருவர் 'இது நான்தான்' என வருந்துதல் கூடாது. பலரும் 'இது நம் வாழ்வு' என உணர்தல் வேண்டும்.

கூடி எழுதுதல்

அமெரிக்க முயற்சி நிலைபெற்றதற்கு ஊர்தோறும் நடந்த கூட்டங்கள் பெருங்காரணம். நூலகங்களிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் எழுதுவோர் கூடினர். குறித்த நேரம் பேசாது எழுதினர். பின்னர் எழுதிய அளவைப் பகிர்ந்துகொண்டனர். நம் துறை நூலகத்திலும் வாரம் ஒருமுறை இவ்வாறு கூடலாம். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரை அழைத்து, அவர் தம் மாந்தரை எவ்வாறு கண்டெடுத்தார் எனக் கேட்கலாம். ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடித்தல் நலம்: எழுதி முடியும்வரை ஒருவர் எழுத்தை மற்றவர் திறனாய்வு செய்யலாகாது. முளைக்கும் முன் தோண்டிப் பார்க்கும் விதை முளைப்பதில்லை.

முடிவன்று, தொடக்கம்

30 நாளில் கிடைப்பது முதல் வரைவே. இவ்வறைகூவலில் தொடங்கி 2011-இல் வெளிவந்த எரின் மார்கன்சுடெர்னின் 'இராச் சர்க்கசு' என்னும் ஆங்கிலப் புதினம் பல ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே நூலாயிற்று. வரைவைச் சில வாரம் மூடிவைத்து, பின்னர் ஆசிரியரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் காட்டித் திருத்துக. சொல்வழக்கின் பிழையை ஆசிரியரும், வாழ்வின் பிழையைப் பெரியவரும் எடுத்துக்காட்டுவர்.

வரும் கோடை விடுமுறையில் ஒரு மாதம் கேட்பதற்கும், ஒரு மாதம் எழுதுவதற்கும் ஒதுக்குவோமாக. நாம் கேளாமல் விட்ட கதையைப் பிறர் வந்து கேட்கப் போவதில்லை. வல்ல இறைவன் துணைபுரிவானாக!