ஊர்க்காவல் தெய்வத்துக்கு இரை போடும் அரசு

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தொல்குடிகளான ஐனு மக்கள் குடியேற இடம் தேடினால் முதலில் ஆற்றைத்தான் பார்ப்பார்கள். இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து சால்மன் ஏறிவந்து முட்டையிடும் ஆறாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து கிடக்கும்போதும் ஊற்றுநீரின் தயவால் உறையாமல் ஓடும் இடம் ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அதே ஆற்றை நம்பி அங்கே இன்னொரு குடித்தனமும் இருந்தது. இறக்கையை விரித்தால் ஆறடி வரும், நாலரை கிலோ வரை எடை கொண்ட ஒரு மீன் ஆந்தை. உலகத்து ஆந்தைகளில் மிகப் பெரியது இதுதான். கரையோரத்து முதிர்ந்த மரத்தின் பொந்தில் ஆந்தை, சற்றுத் தள்ளிக் குடிசைகள். பொழுது சாய்ந்ததும் ஆண் அடித்தொண்டையில் இரண்டு முறை குரல் கொடுக்கும், பெண் ஒரு முறை பதில் சொல்லும். இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால் ஒரே பறவை கூவுகிறது என்றுதான் தோன்றும்.

ஐனு மக்கள் இந்த ஆந்தையைக் கொத்தான் கொர் கமுய் என்றார்கள். ஊரைக் காக்கும் தெய்வம். ஊர் எல்லையில் விழித்திருக்கும் நம் ஐயனாரின் வேலைதான் அதற்கும்: இரவில் எல்லோரும் தூங்க, கெட்டது எதுவும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது. உலகத்தின் பெரும்பகுதி ஆந்தையை வைத்திருந்த இடம் வேறு. ரோமானியர்களுக்கு அதன் குரல் சாவுச் செய்தி. சீனர்களுக்கு அது பெற்ற தாயையே தின்னும் பாவி. நம் ஊரில் கூகை குழறினால் அடுத்தது யார் வீட்டில் என்ற கேள்வி. ஐனுக்களும் ஆந்தையினம் முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சில ஆந்தைகள் அவர்களுக்கும் பேய்ப்பறவைகள்தான். இந்த ஒன்றுக்கு மட்டும், அதுவும் தீவின் கிழக்குப் பகுதியில், கரடித் தெய்வத்துக்கும் மேலான மரியாதை. (தமிழ்நாட்டு, இலங்கை நீர்நிலைக் கரைகளில் இருக்கும் பூமன் ஆந்தை இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் மீன் தின்னிதான். அதற்கு இங்கே கோயில் கட்டவோ விழா எடுக்கவோ யாருக்கும் தோன்றவில்லை.)

ஐனு நம்பிக்கையில் தெய்வங்கள் தங்கள் உலகில் மனித வடிவில்தான் வாழ்கின்றன. மனிதரைப் பார்க்க வரும்போது கரடியாகவும் மீனாகவும் ஆந்தையாகவும் உடுத்திக்கொண்டு வருகின்றன. அந்த உடுப்பை, அதாவது இறைச்சியையும் தோலையும் இறகையும், விருந்தாளி கொண்டுவந்த சீராக இங்கே விட்டுச் செல்லும். வீட்டுக்காரர் பதிலுக்கு மரச்சீவல் சுருள் தொங்கும் இனாவ் கோல்களும் தானியக் கள்ளும் கொடுத்து உயிரை அதன் ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும். இந்த வழியனுப்புக்கு இயோமான்தே என்று பெயர். குஞ்சாகப் பிடித்து, ஊட்டி வளர்த்து, பின்பு கொன்று அனுப்புவார்கள். நமக்கு அது பலி. அவர்களுக்கு அது விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுவது. மரியாதை குறைந்தால் அடுத்த முறை அந்தத் தெய்வம் வராது, அவ்வளவுதான் கணக்கு.

இதையெல்லாம் நாம் இன்று இவ்வளவு நுணுக்கமாக அறிய முடிவதற்கு ஒரு பத்தொன்பது வயதுப் பெண் காரணம். சிரி யுகியே 1903இல் ஹொக்கைடோவின் நொபொரிபெட்சுவில் பிறந்தவர். அசாஹிகாவாவில் அத்தையோடும் பாட்டியோடும் வளர்ந்தார். பாட்டி, வாய்மொழிப் பாடல்களின் களஞ்சியம். 1918இல் அந்த வீட்டுக்கு வந்த மொழியறிஞர் கிந்தாய்ச்சி கியோசுகே, இந்தப் பாடல்களைப் பதிவு செய்வது பெரிய காரியம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். ஐனு மொழிக்கு எழுத்து கிடையாது. யுகியே ரோமன் எழுத்தில் ஒலியைப் பிடித்தார், எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய மொழியில் பொருளைத் தந்தார். 1922இல் டோக்கியோ சென்று கிந்தாய்ச்சி வீட்டில் தங்கி நூலை முடித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று இதய நோய் அவரைக் கொண்டுபோயிற்று. பதின்மூன்று பாடல்கள் கொண்ட 'ஐனு ஷின்யோஷூ' அடுத்த ஆண்டு வெளிவந்தது. புகழ்பெற்ற இவானாமி பாக்கெட் நூல் வரிசை 1978இல் இதைச் சேர்த்துக்கொண்டபோது, வெளிநாட்டு இலக்கியத்துக்கான சிவப்புப் பிரிவில் வைத்தது. ஜப்பானில் பிறந்து ஜப்பானில் இறந்த பெண் எழுதிய, ஜப்பானியத் தீவின் பாடல்கள் வெளிநாட்டு அலமாரியில்! அந்தச் சிவப்பு, தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த நூலின் முதல் பாடலே ஆந்தைத் தெய்வம் தன் வாயால் பாடுவது. ஆற்றங்கரை ஊருக்கு மேலே பறந்துபோகும்போது கீழே பார்க்கிறது. ஒரு காலத்தில் ஏழையாக இருந்தவர்கள் பணக்காரர்களாகவும், பணக்காரர்கள் ஏழைகளாகவும் மாறியிருக்கிறார்கள். புதுப்பணக்காரப் பிள்ளைகள் பொன் வில்லில் பொன் அம்பு தொடுக்கின்றன. ஆந்தை அவற்றுக்குப் பிடிகொடுக்காமல் பறக்கிறது. ஓர் ஏழைச் சிறுவன் சாதா மர வில்லோடு நிற்கிறான், மற்ற பிள்ளைகள் சிரிக்கின்றன. அவன் விடும் அம்பைத் தெய்வம் தானே எட்டிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. சிறுவனின் வீட்டுப் பெரியவர்கள் குடிசையின் புனித சன்னல் வழியாக அதை உள்ளே வாங்கி, இல்லாமையிலும் உபசரிக்கிறார்கள். நள்ளிரவில், தன் உடலின் இரண்டு காதுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஆந்தையின் உயிர் எழுந்து வீட்டுக்குள் பறக்கிறது. பறக்கப் பறக்கச் செல்வம் கொட்டுகிறது. விடிந்ததும் அந்தக் குடும்பம் செய்த முதல் வேலை, கேலி செய்தவர்கள் உட்பட ஊரையே விருந்துக்கு அழைத்தது.

இந்தப் பாடல்தான் பாடப்புத்தகம், நாடகம் என்று பரவிப் புகழடைந்தது. எனக்கு அதே நூலிலுள்ள இன்னொரு ஆந்தைப் பாடல்தான் முக்கியமாகத் தோன்றுகிறது. ஊரில் பஞ்சம். மானும் இல்லை, மீனும் இல்லை. வயதாகித் தளர்ந்த ஆந்தைத் தெய்வம் வானுலகத்துக்குத் தூது அனுப்பப் பார்க்கிறது. செய்தியைக் கேட்டுக்கொண்டே காகம் தூங்கி விழுகிறது. அடுத்து வந்த காட்டுப்பறவையும் அப்படியே. கடைசியில் ஆற்றோரத்துச் சின்னஞ்சிறு பறவை ஒன்று முழுதும் கேட்டுப் போய்ப் பதில் கொண்டுவருகிறது. மனிதர்கள் மானை அடித்துத் தின்றுவிட்டுத் தலையைக் காட்டிலேயே எறிந்துவிடுகிறார்கள், மீனை உளுத்த கட்டையால் அடித்துக் கொல்கிறார்கள், அவை அழுதுகொண்டே தங்கள் தெய்வங்களிடம் திரும்புகின்றன, அதனால் இனி அனுப்புவதாக இல்லை. ஆந்தை மனிதர்களின் கனவில் வந்து முறையைக் கற்றுக்கொடுக்கிறது. மீனை அடிக்க அழகான கோல் செய்கிறார்கள், மான் தலையை இனாவால் அலங்கரித்து அனுப்புகிறார்கள், மானும் மீனும் திரும்புகின்றன. ஊர்க்காவல் என்பது பேயை விரட்டுவது மட்டுமில்லை. மீன் வரத்துக்கும் அந்தத் தெய்வமே பொறுப்பு.

யுகியே இதை எழுதிய காலத்தில் ஹொக்கைடோவில் உண்மையான பஞ்சம் வந்து போய்விட்டது. அதைக் கனவில் தீர்க்க முடியவில்லை.

1869இல் மெய்ஜி அரசு தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் சூட்டி, குடியேற்றத் துறையைத் தொடங்கியது. 1878இல் அந்தத் துறை மான் இறைச்சியை டின்னில் அடைக்கும் ஆலையைத் திறந்தது. மறு ஆண்டு கடும்பனி கொட்டி மான்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1878 வாக்கிலேயே சப்போரோ வட்டாரத்தில் ஆற்றில் சால்மன் பிடிக்கத் தடைகள் தொடங்கி, பிறகு மற்ற ஆறுகளுக்கும் பரவின. தொகாச்சி ஆற்றின் மேற்பகுதியில் ஐனு ஊர்கள் பட்டினி கிடந்தன. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் மீன்வளப் பாதுகாப்பு. ஐனுக்கள் உணவுக்குப் பிடித்ததால் மீன் தீர்ந்துபோகவில்லை, ஆற்றின் வாயில் வணிகர்கள் பெருவலை போட்டதால் குறைந்தது. 1888இல் சிதோசேயில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. ஆறேறும் சால்மனைக் கீழேயே தடுத்துப் பிடித்து, முட்டையெடுத்து, செயற்கையாகப் பொரிக்கும் முறை. கடலில் மீன் பெருகியது. ஆற்றின் மேலே எதுவும் போய்ச் சேரவில்லை. மேலே இருந்தவர்கள் இரண்டு பேர்: ஐனு, ஆந்தை.

மீன் மட்டும் போகவில்லை, மரமும் போயிற்று. இந்த ஆந்தை கூடு கட்டாது. ஒரு மீட்டர் அளவு பருத்து, உள்ளே பொந்து விழுந்த கிழமரம் வேண்டும். எல்மும் ஆஷும் ஓக்கும் அந்த வயதுக்கு வர நூற்றாண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட ஆற்றோரச் சமவெளிக் காடுகள்தாம் வயலுக்காக முதலில் வெட்டப்பட்டன. இதில் ஒரு விசித்திரம்: அறிவியல் உலகம் இந்தப் பறவைக்கு வைத்திருக்கும் பெயர், ஹகொதாதே துறைமுகத்தில் மர அறுப்பு ஆலை நடத்திய தாமஸ் பிளாக்கிஸ்டன் என்ற ஆங்கிலேயருடையது. 1883இல் அவர் கைக்கு வந்த பறவையைக் கொண்டுதான் மறு ஆண்டு இது புது இனம் என்று பதிவானது. மனிதர் நல்ல பறவை ஆர்வலர், குறை சொல்வதற்கில்லை.

1899இல் ஐனுக்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 'முன்னாள் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம்' என்று அதற்குப் பெயர். வேட்டையையும் மீன்பிடியையும் விட்டு உழவராகச் சொன்னது, பள்ளியில் ஜப்பானிய மொழியைத் திணித்தது. 1955இல் ஹொக்கைடோ ஆளுநர் கரடி வழியனுப்பு காட்டுமிராண்டித்தனம் என்று சுற்றறிக்கை விட்டார். அது 2007இல்தான் திரும்பப் பெறப்பட்டது. 1899 சட்டம் நீங்கியது 1997இல்.

ஆந்தைக்கு வருவோம். தீவு முழுவதும் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1971இல் அதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். 1980களில் எண்ணியபோது நூறுகூடத் தேறவில்லை. 1984இல் அரசின் மீட்புத் திட்டம் தொடங்கியது. மரம் இல்லாத இடத்தில் பெரிய பீப்பாய் போன்ற செயற்கைப் பொந்துகளை மரத்தில் கட்டினார்கள். மீன் இல்லாத இடத்தில் காட்டுக்குள் தொட்டி கட்டி வளர்ப்பு மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். விட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். குஞ்சுகளுக்குக் கால் வளையம், மின்கம்பத்தில் உட்கார்ந்து கருகாமலிருக்கக் காப்புகள், காரில் அடிபடுவதைத் தடுக்கப் பாலத்தின் ஓரங்களில் வரிசையாகக் கம்பமும் கொடியும். ஆந்தை ஆற்றின் வழியே தாழப் பறந்து வரும், கொடியைக் கண்டால் மேலெழும். அடிபட்டவற்றுக்குக் குஷிரோவில் சிகிச்சை. குஞ்சு பெரும்பாலும் இரண்டுக்கு மேல் கிடையாது, அதுவும் ஓராண்டுக்கு மேல் பெற்றோரின் கையை எதிர்பார்த்திருக்கும். அப்படி இருந்தும் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. சாதாரண வேலையில்லை.

ஊருக்கு மேலே உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழக் கூவிய பறவை எங்கே இருக்கிறது என்று இன்று வெளியே சொல்ல மாட்டார்கள். படம் எடுக்க வருபவர்களின் தொல்லை தாங்காமல் பொந்திருக்கும் இடங்கள் ரகசியம். காண வேண்டும் என்றால் ஷிரெத்தோகோ தீபகற்பத்தின் ராவுசுவில் ஒரு விடுதிக்குப் பக்கத்து ஓடையில் மீன் விட்டு, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீளக் குழல் காமிராக்களோடு உலகம் முழுவதிலிருந்தும் வந்து இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். பறவைக்கு இது நல்லதா என்ற சண்டை ஓயவில்லை. எனக்கு அந்த விளக்கு பிடிக்கவில்லை, ஆனால் காத்திருப்பவர்களைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை.

ஆந்தையின் உருவம் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. அகான் ஏரிக்கரை ஐனு குடியிருப்பின் நுழைவாயிலில் மாபெரும் ஆந்தை இறக்கை விரித்து நிற்கிறது, உள்ளே கடைகளில் கையளவு முதல் ஆளுயரம் வரை மர ஆந்தைகள். செதுக்குபவர்களில் பலர் நல்ல கலைஞர்கள், இந்தத் தொழிலால்தான் அந்தக் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2008இல் நாடாளுமன்றம் ஐனுக்களைத் தொல்குடி என்று ஏற்றுத் தீர்மானம் போட்டது, 2019இல் அதைச் சட்டத்தில் எழுதினார்கள், 2020இல் ஷிராவோயில் உபோபோய் என்ற தேசிய அருங்காட்சியக வளாகம் திறந்தது. ஆட்டம், பாட்டு, உடை, மொழி வகுப்பு எல்லாம் உண்டு. ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை.

அதைக் கேட்டுத்தான் தொகாச்சிப் பகுதியில் உராஹோரோ ஊரின் ராபொரோ ஐனு அமைப்பு 2020இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் போனது. முன்னோர் பிடித்த ஆற்றில் சால்மன் பிடிப்பது தங்கள் பிறப்புரிமை என்பது வழக்கு. 2024 ஏப்ரலில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சடங்குக்கும் பண்பாட்டைக் கற்றுக்கொடுக்கவும் பிடிக்கலாம், அதற்கு ஆளுநரின் தனி அனுமதி வேண்டும். ஆந்தை விஷயத்தில் அரசு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. என்றென்றும் தொட்டியில் மீன் போட முடியாது, அது தானே இரை தேட வேண்டும் என்று யோசிக்கிறார்கள். 2005இல் உலக மரபிடமான ஷிரெத்தோகோவில் சால்மன் ஏறுவதற்கு வழியாகச் சில தடுப்பணைகளை உடைத்தும் வெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். அப்படி மேலேறி வரும் மீனை ஆந்தை யாரையும் கேட்காமல் பிடிக்கலாம். ஐனு மீனவர் எத்தனை மீன், எந்த நாளில், எந்த வலையில் என்று எழுதி முதலில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.