மூன்று பவுண்டும் பதினெட்டாயிரம் பவுண்டும்

1960களில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர்கள் கையோடு எடுத்துவர அனுமதிக்கப்பட்ட அந்நியச் செலாவணி மூன்று பவுண்டு. அந்தத் தலைமுறையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த மூன்று பவுண்டுக் கதை வந்துவிடும். 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும்வரை ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு. ஆக, நாற்பது ரூபாயோடு ஒருவர் லண்டனில் வந்து இறங்கினார்.

இன்று லண்டனில் படிக்க வரும் மாணவர், கல்விக் கட்டணம் போக, ஒன்பது மாதச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் 13,761 பவுண்டு வங்கியில் கிடப்பதைக் காட்ட வேண்டும். வேலை விசாவில் மனைவி, ஒரு குழந்தையோடு ஐந்து ஆண்டுக்கு வருகிறவர் கதை இன்னும் கடினம். 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டணப்படி மூன்று பேருக்கு விசாவுக்கு 4,557 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணமாக 14,230 பவுண்டு. மொத்தம் 18,787. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். சில நிறுவனங்கள் பணியாளருக்கு உரியதைக் கட்டிக்கொடுக்கின்றன. குடும்பத்துக்கு உரியது பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். விமானச் சீட்டு, வீட்டு முன்பணம் எல்லாம் இதற்கு மேல்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது, “அங்கே வரி எவ்வளவு பிடிப்பார்கள்?” என்பதைத்தான். தமிழர்கள் குடியேறிய லண்டன் பகுதியான டூட்டிங்கின் ஐம்பது ஆண்டுக் கதையைப் பார்த்தால், கேட்க வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பளத்தில் பிடிக்கும் வரி அன்றைவிட இன்று குறைவு. ஆனால் அன்று, வந்து வேலை செய்து சம்பாதித்த பிறகு அரசு தன் பங்கைக் கேட்டது. இன்று, வாசலிலேயே பெரும்பங்கை வாங்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது.

தென் லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் உள்ளாட்சிக்கு உட்பட்டது டூட்டிங். 1926இல் இங்கே நார்தர்ன் லைன் சுரங்க ரயில் வந்தது. ஹைட் பார்க் மூலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை 1980இல் அந்த இடத்தை மூடிவிட்டு முழுமையாக இங்கே வந்து சேர்ந்தது. ஊரில் மருத்துவமனை, கைக்கெட்டும் தூரத்தில் ரயில், நகர மையத்தைவிட மலிவான அறைகள் என்று எல்லாம் கூடியதால் புதிதாக வந்தவர்கள் இங்கே தங்கினார்கள். 1973இல் ஸ்ரீ கிருஷ்ணா உணவகம் தென்னிந்தியச் சாப்பாட்டோடு திறந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மீது விழுந்த முதல் விசாக் கட்டுப்பாடு அது.

அன்றைய வாழ்க்கையை நான் பொற்காலமாக்க மாட்டேன். 1975இல் அடிப்படை வருமான வரி 35 சதவீதம், 1978இல் 33. 1999 ஏப்ரல்வரை நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இல்லை, வந்தபோது மணிக்கு 3.60 பவுண்டு. அதற்கு முன் பெற்றோல் செட்டிலும் கடைகளிலும் இரவு வேலை பார்த்த பலருக்கு முதலாளி கொடுத்ததே கூலி. ஓர் அறையில் நாலைந்து பேர். ஒருவர் வேலைக்கு எழுந்து போக, இரவு வேலை முடித்தவர் அதே படுக்கையில் வந்து படுப்பார். மீட்டரில் 50 பென்ஸ் காசு போட்டால்தான் எரிவாயு வரும், காசு தீர்ந்தால் குளிர். ஊருக்குப் பணம் வங்கி வழியாக இல்லாமல் உண்டியல் முறையில் போனது. வங்கி கடன் கொடுக்காத இடத்தில் சீட்டு கைகொடுத்தது; பலர் கடை போட்டதும் வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் சீட்டுக் காசில்தான்.

ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு முடிவு கண்ணுக்குத் தெரிந்தது. நாலு பேர் சம்பளம் சேர்ந்தால் வீடு வாங்க முடிந்தது. வாடகைக்கும் அன்று ஒரு கடிவாளம் இருந்தது. 1988 வீட்டுவசதிச் சட்டம் 1989 ஜனவரியில் அமலானபின் புதிய ஒப்பந்தங்கள் சந்தை விலைக்குப் போயின. இன்று லண்டனின் சராசரி மாத வாடகை 2,200 பவுண்டுக்கு மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூலையிலிருந்து திறன்பணி விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. ஊரில் இந்தத் தொகையைக் கேட்டவுடன் 115ஆல் பெருக்கிக் கண்கள் விரியும். இதில் முதல் 12,570க்கு வரியில்லை. மீதிக்கு 20 சதவீதம் வருமான வரி, 5,826. நேஷனல் இன்சூரன்ஸ் என்னும் சமூகக் காப்பீடு 8 சதவீதம், 2,330. கைக்கு வருவது மாதம் சுமார் 2,795 பவுண்டு. வரி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்; யாரும் பயப்படும் அளவு அல்ல. அந்த 2,795இல் சராசரி வாடகை 2,200ஐக் கழித்தால் மிஞ்சுவது 595. அதில்தான் மின்சாரம், எரிவாயு, பயணம், சாப்பாடு, குழந்தை. மனைவியும் வேலைக்குப் போகாமல் இந்தக் குடும்பம் இந்த ஊரில் நிற்க முடியாது. அவர் வேலைக்குப் போனால் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். அந்தச் செலவு இன்னொரு வாடகை மாதிரி.

வரியில்லா வரம்பான அந்த 12,570 பவுண்டு 2021இலிருந்து அசையவில்லை. 2022 அக்டோபரில் விலைவாசி 11.1 சதவீதம் ஏறி நாற்பதாண்டு காணாத உச்சம் தொட்டபோதும் அசையவில்லை. வரி விகிதத்தை உயர்த்தாமலே வரியை உயர்த்தும் வழி இது.

கடைத்தெருவுக்கு வந்தால், 1970களின் நடுவில் 8 சதவீதமாக இருந்த வாட் வரி 2011இலிருந்து 20 சதவீதம். என்றாலும் சமையல் பொருளுக்கு வாட் கிடையாது. டூட்டிங் கடையில் அரிசி, பருப்பு, முருங்கைக்காய், மீன் வாங்கினால் வரி பூஜ்யம். அதே தெருவில் சுடச்சுட கொத்து ரொட்டி கட்டி வாங்கினால் 20 சதவீதம். வீட்டில் சமைக்கும் குடும்பத்துக்கு இந்த நாடு செய்திருக்கும் பெரிய உதவி இது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

கவுன்சில் டாக்ஸ் விஷயத்தில் டூட்டிங்கின் அதிர்ஷ்டம் தனி. தமிழ்நாட்டில் வீட்டு வரியை வீட்டுக்காரர் கட்டுவார். இங்கே குடியிருப்பவர் கட்ட வேண்டும். ஆள் கணக்கில் வரி போட்ட தாட்சரின் போல் டாக்ஸ் 1990இல் கலவரத்தைக் கிளப்பியது. அந்த வரியையே 1991இல் பூஜ்யமாக்கிய கவுன்சில் வாண்ட்ஸ்வொர்த். 1993இல் கவுன்சில் டாக்ஸ் வந்தபிறகும் நாட்டிலேயே மிகக் குறைவாக வாங்கும் இடங்களில் ஒன்றாகவே இருக்கிறது. 2025இல் நடுத்தர வீட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்குள் இருந்தது. ரயிலில் ஒரு நிறுத்தம் தள்ளி மெர்ட்டனுக்குள் போனால் ஏறத்தாழ இரு மடங்கு. குறைந்த வாடகை தேடிக் குரோய்டனுக்குப் போனால் 2,400 பவுண்டுக்கு மேல். வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். வரிக்காக வீடுகளைத் தரம் பிரித்தது 1991 ஏப்ரல் விலையை வைத்து. வரியின் அளவுகோல் 1991இல் நிற்க, வாடகை மட்டும் இன்றைய சந்தையில் ஓடுகிறது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தவறவிடும் இன்னொன்று ஊரில் இருக்கும் வங்கி வைப்புநிதி. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை என்பதால் எங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் குடியிருப்பவராகக் கணக்கில் வந்துவிட்டால், புதிதாக வந்தவருக்கான நான்காண்டுச் சலுகையைக் கேட்டுப் பெறாதவரை, அந்த வட்டியும் இங்கே வருமானம்தான். திருச்சி வீட்டு வாடகையும் அப்படியே. 1993இல் கையெழுத்தான இரட்டை வரி ஒப்பந்தத்தின்படி அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் இந்திய நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 5இல். இரண்டு கணக்கையும் ஒட்டவைக்க ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

எனக்குப் பொறுக்க முடியாதது மருத்துவக் கூடுதல் கட்டணம். 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கி, 400, 624 என்று ஏறி, 2024 பிப்ரவரியில் 1,035 ஆனது; குழந்தைக்கும் மாணவருக்கும் 776. தேசிய சுகாதார சேவையை நடத்துவது பொது வரிப்பணமும் நேஷனல் இன்சூரன்ஸும். அந்த இரண்டையும் மாதாமாதம் கட்டுகிற தொழிலாளியிடம் அதே சேவைக்கு முன்கூட்டியே இன்னொரு தடவை வாங்குவது நியாயமே இல்லை. செயின்ட் ஜார்ஜில் வேலை செய்யும் செவிலியர் போன்றோருக்கு 2020இல், கொரோனா காலத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, விலக்குக் கிடைத்தது. அவர்களுக்குப் பொருந்திய நியாயம் பக்கத்து வீட்டில் கணினி வேலை பார்ப்பவருக்கும் பொருந்தும். முதல் மாதச் சம்பளத்தில் வரி பிடித்த நாளிலிருந்து இந்தக் கட்டணம் நிற்க வேண்டும், கட்டிய மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு உள்நாட்டிலேயே விண்ணப்பிப்பதற்கு 2003வரை கட்டணமே கிடையாது. அந்த ஆண்டு 155 பவுண்டு வைத்தார்கள். 2025இல் ஒருவருக்கு 3,029. மூவர் குடும்பத்துக்கு 9,087. அதற்குக் காத்திருக்க வேண்டிய காலம் 2006வரை நான்கு ஆண்டு, பிறகு ஐந்து. அடிப்படைக் காலத்தைப் பத்தாக்கும் திட்டத்தை அரசு 2025இல் வெளியிட்டது. பத்தானால், அந்த மூவர் இன்னும் ஐந்து ஆண்டுக்கு இதே விகிதத்தில் மருத்துவக் கூடுதல் கட்டணம் மட்டும் மறுபடி 14,230 பவுண்டு கட்ட வேண்டும். வருமான வரி வழக்கம்போல் மாதாமாதம் தனியே போய்க்கொண்டிருக்கும்.